கரிச்சான் கணக்கு

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகக் குரங்கணிக்குப் போனால், சாலையோர எருக்கஞ்செடிகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில், சிறகின் ஓரம் கறுத்து, ஒரு பட்டாம்பூச்சி அவசரமே இல்லாமல் பறக்கும். பெயர் வெந்தய வரியன். பூச்சி பிடிக்கும் கரிச்சான் பக்கத்துக் கம்பியிலேயே உட்கார்ந்திருந்தாலும் அதற்குக் கவலை கிடையாது. புழுவாக இருந்தபோது எருக்க இலை தின்று வளர்ந்ததாயிற்றே! அந்தப் பாலின் விஷம் உடம்பில் இருக்கிறது.

இது பறவைக்கு எப்படித் தெரியும்?

1960களில் லிங்கன் பிரவர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, கூண்டிலிருந்த நீல ஜே பறவைகளுக்கு மொனார்க் பட்டாம்பூச்சியைக் கொடுத்துப் பார்த்தார். வெந்தய வரியனுக்கு நெருங்கிய சொந்தம் அது. பறவை ஆசையாகத் தின்றது. சற்று நேரத்தில் வாந்தி. அப்புறம் அந்த நிறத்தைக் கண்டாலே அலகைத் திருப்பிக்கொண்டது. பாவ்லோவின் நாய்க்கு மணியோசையும் சாப்பாடும் பல தடவை சேர்ந்து வர வேண்டியிருந்தது. வயிற்றைப் புரட்டும் பாடத்துக்கு ஒரு தடவையே போதும்.

இதில் ஒரு வேடிக்கை. வேறோர் இனத்தில் ஆண் கறுப்பு, வெள்ளைப் பொட்டு. பெண் மட்டும் அச்சு அசல் வெந்தய வரியன் மாதிரியே இருக்கும். விஷம் கிடையாது. பாடம் படித்த பறவை அதையும் தொடாது. தொடாததால், அது நல்ல தீனி என்பது கடைசிவரை தெரியாமலே போகும்.

கரிச்சானைக் குறை சொல்ல முடியாது. ஒரு வேளைத் தீனி போனால் போகிறது, உயிர் மிஞ்சுகிறதே.

நாம்? ஒரு வீட்டுக்காரர் யாரோ ஒருவருக்கு வாடகைக்கு விட்டு ஏமாந்திருப்பார். அன்றிலிருந்து அந்த ஊர், அந்தச் சாதி, அந்த மதம் என்றாலே கதவைச் சாத்திவிடுவார். கேட்டால், 'எல்லாம் அனுபவம் சார்!' என்பார். அனுபவம்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர்களில் ஒருவரையும் உள்ளே விடாததால், அவர் நினைப்பு தப்பு என்று காட்ட யாருக்கும் வாய்ப்பே இல்லை. வருஷம் ஆக ஆக அது கெட்டிப்படுகிறது.

நம்மில் பலர் அந்த வாந்தியைக்கூட எடுத்ததில்லை. தாத்தா எடுத்தாராம் என்று கேள்விப்பட்டே அலகைத் திருப்பிக்கொள்கிறோம்!

எச்சரிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்பணம் வாங்குங்கள், ஒப்பந்தம் எழுதுங்கள். ஆனால் வந்து நிற்கிற ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கரிச்சானுக்கு நிறத்தைத் தவிர வேறு தடயம் இல்லை. உங்களுக்கு வாய் இருக்கிறது. நாலு வார்த்தை விசாரித்துப் பார்க்கலாமே?