மழையைப் பார்த்த வீடு

பழைய வீடு என்றதும் மயிலாப்பூர், திருவல்லிக்கேணியின் முற்றமும் மெட்ராஸ் டெரஸ் கூரையும்தான் நினைவுக்கு வரும். தென்சென்னைப் புறநகரான எங்கள் கீழ்க்கட்டளையில் பழசு என்றால் அது இருபத்தைந்து, முப்பது வருஷத்துக்கு முன் கட்டிய, லிஃப்ட் இல்லாத பிளாட். புதுசு என்றால் தரைத்தளத்தைக் கார் நிறுத்த விட்டுவிட்டுத் தூண்களின் மேல் எழும் அடுக்குமாடி. வீடு வாங்க முடிவு செய்தபோது எங்கள் குடும்பமும் இந்த இரண்டுக்கும் நடுவே வெகுநாள் அல்லாடியது.

புது வீட்டின் பக்கம் நியாயம் இருக்கிறது. மூட்டுவலிக்காரர்களுக்கு லிஃப்ட் வசதி ஆடம்பரம் அல்ல, அவசியம். வங்கிக் கடனும் சுலபமாகக் கிடைக்கும். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் மெட்ரோ தடத்தில் கீழ்க்கட்டளைக்கும் ஒரு நிலையம் வருகிறது. மெட்ரோ வந்தால் விலை ஏறிவிடும், இன்று வாங்காவிட்டால் நாளை முடியாது என்ற பதற்றம் எங்களுக்கும் இருந்தது.

ஆனால் இந்த மண் எப்படிப்பட்டது என்பதை மறக்க முடியாது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்குத் தண்ணீர் போகும்; அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்புதான் தென்சென்னையின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் இடம். நாம் எல்லோரும் அந்த நீரின் வழியில்தான் குடியிருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் மடிப்பாக்கமும் பட்ட பாடு யாருக்கும் மறக்கவில்லை. அந்த மழையில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது, எத்தனை நாள் நின்றது என்று பழைய கட்டடத்தில் குடியிருப்பவர் கைகாட்டிச் சொல்வார். புதுக் கட்டடத்தில் அதைக் கேட்டால் விற்பனைக்காரர் வரைபடத்தைத்தான் காட்டுவார்.

அடுத்தது நிலம். பிளாட் வாங்குகிறவருக்குக் காலத்துக்கும் மிஞ்சுவது யூ.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத மனைப்பங்குதான். 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் நான்கு வீடுகள் சமமாக இருந்தால் தலைக்கு 600 சதுர அடி. எட்டு வீடுகள் என்றால் 300தான். பழைய பிளாட்டுகளில் இந்தப் பங்கு பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். கட்டடம் வயதாக ஆகத் தேயும்; மண் தேயாது.

புதுசுக்குச் சட்டம் துணை இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாவிட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டாலோ அந்தச் சட்டத்தில் பதிவு கட்டாயமில்லை. நம் உள்தெருக்களில் எழும் சின்னக் கட்டடங்கள் பல இந்த அளவுக்குள் அடங்கிவிடும். புதுசு என்பதாலேயே உறுதி என்றும் சொல்லிவிட முடியாது; 2014 ஜூனில் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் இடிந்து 61 பேரைப் பலிகொண்டதும் பழைய கட்டடமல்ல, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிதான்.

அதற்காகப் பழசெல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். சீலிங் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிற பிளாட்டுகளையும் பார்த்தோம். அதே வயதுள்ள இன்னொரு கட்டடம் உறுதியாக நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குடியிருப்பவர்கள்தான். மாதச் சந்தாவைத் தவறாமல் கட்டி, மொட்டை மாடியில் ஓதம் இறங்காமல் பார்த்து, சம்ப்பைக் கழுவி, கூடிப் பேசி முடிவெடுக்கிற சங்கம் ஒன்றில் இருந்தது, மற்றதில் இல்லை. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022இன்படி, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். அந்தச் சம்மதமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிற இடத்தில்தான் பிறக்கும். வீடு ஒருமுறை வாங்கி முடிக்கிற பொருளன்று. தினமும் பலர் சேர்ந்து காப்பாற்றுகிற ஒன்று.

நாங்கள் பழைய கட்டடத்தின் முதல் மாடியை எடுத்தோம். அம்மாவுக்கு ஏறுவதற்கு ஒரு மாடிதான். தண்ணீருக்கும் எட்டாத உயரம். லிஃப்ட் இல்லாமல் முடியாது என்ற நிலையில் இருப்பவர்கள் புதுசை எடுப்பதில் தவறே இல்லை. எதுவானாலும் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, சி.எம்.டி.ஏ. அனுமதி எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒருநாள் அந்தத் தெருவில் போய் நில்லுங்கள். மேல்வீட்டாரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் பேசுங்கள். அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.