கஜேந்திர மோக்ஷமும் முதலையின் முகமும்

விளாத்திகுளத்தில் வைப்பாறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கிறது. நாம் முதலையைக் கண்டதெல்லாம் நாட்காட்டிகளில்தான். அருகிலுள்ள கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்து, சிவகாசி அச்சகங்கள் வழியே இல்லந்தோறும் சென்ற தெய்வப் படங்களில் பழகிய கண்கள் நம்முடையவை. கஜேந்திர மோக்ஷப் படங்கள் பலவற்றில், வரைந்தவர் யாராயினும், எம்பெருமானும் கருடாழ்வானும் ஆனையும் குறைவற அமைந்திருக்க, முதலை மட்டும் பெரியதொரு பல்லியாகவோ கண்ணில் கனல் பறக்கும் அசுரனாகவோ காட்சி தருகிறது. அதனால் என்ன குறை என்பர் சிலர். குறை உண்டு என்பதே நம் கருத்து.

மெய்யான முதலைக்குக் கண்ணும் நாசியும் தலையின் மேற்புறத்தில். உடல் முழுதும் நீரில் மறைந்திருக்கையிலும் அது பார்க்கும், மூச்சு விடும். முதுகில் எலும்புத் தகடுகள் வரிசையாகக் கிடக்கும். வாயை மூடினாலும் பற்கள் வெளியே தெரியும். முகத்திலோ கோபத்தின் சாயலே இராது. நீர் அதன் இடம், ஆனையின் இடமன்று. அந்தச் சலனமற்ற பிடியை ஓவியர் உள்ளபடி காட்டினாலன்றோ, தன் பலமெல்லாம் ஓய்ந்தே ஆனை கூப்பிட்டது என்பது விளங்கும்? பல்லியிடமிருந்து விடுபடச் சரணாகதி எதற்கு!

அசுரனாக்குவது அதனினும் பிழை. ஸ்ரீபாகவதம் எட்டாம் ஸ்கந்தத்தின்படி அம்முதலை, தேவலர் சாபத்தால் அவ்வுருப்பெற்ற ஹூஹூ என்னும் கந்தர்வன். ஆனையும் அகஸ்தியர் சாபம் பெற்ற இந்த்ரத்யும்நனே. இருவரும் சபிக்கப்பட்டவர்களாயிருக்க, ஒருவன் முகத்தை மட்டும் விகாரமாக்குவது எந்த நியாயம்? திருவாழியால் வாய் பிளவுண்ட அவனும் பழைய வடிவம் பெற்று, எம்பெருமானைத் தொழுதே சென்றான்.

வரைய விரும்பும் இளைஞர்கள் அமராவதி அணைக்கோ வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கோ சென்று பார்க்கலாம். வெயிலில் வாயைத் திறந்தபடி, யாரையும் பகையாதது போல், அது அசையாமல் கிடக்கும்.