வார்னிங்கை அடக்கும் உரிமை

1877இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபர்டு ஒரு கப்பல் முதலாளியைக் கற்பனை செய்தார். கப்பல் பழையது, கடல் தாங்குமா என்ற சந்தேகம் முதலாளிக்கே உண்டு. ஆனால் சோதித்துப் பார்க்கவில்லை. இத்தனை முறை பத்திரமாகப் போய் வந்ததுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஆட்களை ஏற்றி அனுப்பிவிடுகிறார். கப்பல் மூழ்கினால் பழி அவர்மேல்தான். கரைசேர்ந்துவிட்டால்? அப்போதும் பழி அவர்மேல்தான் என்றார் கிளிஃபர்டு. விசாரிக்காமல் நம்ப அவருக்கு உரிமை கிடையாது.

விசாரிக்காமல் நம்பலாமா என்பது, லினக்ஸின் மையமான கெர்னலை எழுதுபவர்கள் அன்றாடம் சந்திக்கும் கேள்வி. புரோகிராமை ஓட்டாமலேயே படித்துக் குறை சொல்லும் கருவிகள் பல உண்டு: லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் தொடங்கிய ஸ்பார்ஸ், கவரிட்டி, கம்பைலரே தரும் வார்னிங்குகள். எந்த புரோகிராம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தவறாமல் கணித்துச் சொல்லும் பொதுவழி இருக்கவே முடியாது என்று 1953இல் ஹென்றி ரைஸ் நிறுவிவிட்டார். ஆகவே கருவி எழுப்புவது சந்தேகம். தீர்ப்பு சொல்ல வேண்டியவர் மனிதர்.

‘இந்த மாறிக்கு மதிப்பு தராமலேயே பயன்படுத்துகிறீர்களோ’ என்று கம்பைலர் கேட்டால் அதை அடக்க கெர்னலில் மேக்ரோ என்ற சுருக்கக் குறியீடு ஒன்றே இருந்தது. விரித்துப் பார்த்தால் எக்ஸ் = எக்ஸ். மாறியில் கிடக்கும் குப்பையை அதற்கே திரும்பக் கொடுப்பதுதான் அதன் வேலை. கம்பைலர் வாயடைத்துப் போகும். எழுதிய அன்று அது நியாயமாகவே இருந்திருக்கலாம். பின்னால் வேறொருவர் புரோகிராமை மாற்றி, மாறி நிஜமாகவே மதிப்பில்லாமல் போனாலும் அந்த வாய் திறக்காது. 2020இல் மேக்ரோவைக் களைந்தார்கள்.

கருவி சொன்னதற்கு அப்படியே தலையாட்டுவதும் ஆபத்துதான்.

2006இல் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில், மறையாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் அது நடந்தது. மதிப்பு வைக்காத நினைவகம் பயன்படுகிறது என்று, ஓட்டிப் பார்த்துச் சொல்லும் வகைக் கருவிகளான வால்கிரைண்டும் ப்யூரிஃபையும் புகார் கூறின. புகாருக்குக் காரணமான வரிகள் எடுக்கப்பட்டன. புகார் நின்றது, ரேண்டம் எண்களுக்கான மூலப்பொருளும் கூடவே போனது. மிஞ்சியது புராசஸ் எண் மட்டும், அதற்கு அதிகபட்சம் 32,768 சாத்தியங்கள். 2008 மே மாதம்வரை அதில் உருவான மறையாக்கச் சாவிகள் எளிதில் ஊகிக்கத்தக்கவையாகிவிட்டன. இத்தனைக்கும் மாற்றியவர் ஓபன்எஸ்எஸ்எல்காரர்களைக் கேட்டுவிட்டுத்தான் செய்தார். தடுக்கும் பதில் வரவில்லை. எவ்வளவு விசாரித்தால் போதும்? கிளிஃபர்டின் கதையில் இதற்கு விடை இல்லை.

ஆனால் விசாரித்ததை எழுதிவைக்கலாம். பல வழிகளில் ஒன்றைத் தேரும் ஸ்விட்ச் கட்டளையில், முடிவைக் குறிக்கும் பிரேக் இல்லாவிட்டால் ஒரு வழி (கேஸ்) அடுத்ததற்குள் வழுக்கி விழும். 2019இல் வந்த லினக்ஸ் 5.3 இதற்கான வார்னிங்கைக் கெர்னல் முழுவதற்கும் இயக்கியது. அதற்கு முன் அத்தகைய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சில இடங்களில் பிரேக் மறந்தே போயிருந்தது, சேர்த்தார்கள். வேண்டுமென்றே விழவிட்ட இடங்களில் முதலில் ஒரு குறிப்பும், பிறகு ‘ஃபால்த்ரூ’ என்ற சொல்லும் ஏறின. அடுத்து அந்த வரிகளைத் தொடுபவர், முன்னவர் என்ன நம்பினார் என்பதை அங்கேயே படித்து, அதை மறுக்கவும் செய்யலாம்.