கூப்பிட்டால் போய்ச் சேருங்கள்

திருவருகைக் காலம், இரண்டாம் வாரம் – வெள்ளி
எசாயா 48:17-19, மத்தேயு 11:16-19



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் நம்மைச் சந்தைவெளிக்கு அழைத்துப் போகிறார். அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். முதலில் கல்யாண விளையாட்டு. ஒரு கூட்டம் குழல் ஊதுகிறது. மற்றவர்கள் எழுந்து ஆட வேண்டும். யாரும் ஆடவில்லை. சரி, இது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சாவு வீட்டு விளையாட்டுக்கு மாறுகிறார்கள். ஒப்பாரி வைக்கிறார்கள்; மற்றவர்கள் மாரடித்து அழ வேண்டும். அதற்கும் யாரும் அசையவில்லை. விளையாட்டு கலைந்துபோகிறது.

அந்தக் காலத்து யூதர்கள் நடுவில் கல்யாணத்துக்கும் குழல் உண்டு, சாவுக்கும் குழல் உண்டு. மகளை இழந்த தலைவர் ஒருவரின் வீட்டுக்கு இயேசு சென்றபோது, குழல் ஊதுவோர் அங்கே வந்திருந்ததாக மத்தேயு ஒன்பதாம் அதிகாரத்தில் எழுதுகிறார். பெரியவர்கள் செய்வதைப் பிள்ளைகள் பார்த்தார்கள், தெருவில் அதையே நடித்தார்கள். நம் தெருவிலும் அப்படித்தான். தகர டப்பாவைக் கழுத்தில் மாட்டிக் கொட்டு அடித்துக்கொண்டு, ஒருவனைப் படுக்கவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். நாம் என்ன சொல்கிறோம்? “விளக்கு வைக்கிற நேரத்துல இது என்ன விளையாட்டு, எந்திரிங்க எல்லாரும்!” இயேசு அப்படி அதட்டியதாகத் தெரியவில்லை. நின்று கவனித்திருக்கிறார். இல்லையென்றால் இரண்டு விளையாட்டையும் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

இந்த உவமைக்கு விரிவுரையாளர்கள் பலவிதமாக விளக்கம் சொல்வார்கள். ஒன்று மட்டும் தெளிவு. திருமுழுக்கு யோவான் நோன்பிருந்து வந்தார், மக்கள் அவரோடு சேரவில்லை. இயேசு எல்லாரோடும் பந்தியில் அமர்ந்தார், அவரோடும் சேரவில்லை. கடவுள் எந்த வழியாகக் கூப்பிட்டாலும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாத மனசுதான் ஆண்டவரை வருத்தியது. அந்த மனசு நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறதா என்று இன்று பார்ப்போம். அங்கே தினமும் நம்மைக் கூப்பிடுகிறவர்கள் நம் பிள்ளைகள். “அப்பா, இது கடைன்னு வச்சுக்குவோம், நீங்க சாமான் வாங்க வாங்க.” நாம் போகிறோமா?

ஒரு வீட்டை மந்திரிக்கப் போயிருந்தேன். மெழுகுதிரி எடுக்க அம்மா உள்ளே போனார். கூடத்து மூலையில் ஐந்து வயதுச் சிறுமி ஒரு தலையணையை மடியில் கிடத்தியிருந்தாள். அது அவள் குழந்தை, அதற்குக் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி போட்டிருந்தாள். அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு தம்பி ‘வேலை முடிந்து’ வந்தான். செருப்பை உதறினான், நாற்காலியில் சாய்ந்தான், ஒரு தீப்பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்துக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருந்தான். “ஏங்க, பாப்பாவுக்கு உடம்பு கொதிக்குதுங்க.” “ம்ம்.” “ஏங்க!” “ம்ம்… அப்புறம் பாக்கலாம்.” பக்கத்தில் நின்ற அப்பா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அன்பானவர்களே, அந்த ஐந்து நிமிட விளையாட்டில் எவ்வளவு நடந்திருக்கிறது பாருங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத ஒன்றின் வலியை அந்தச் சிறுமி நினைத்துப் பார்க்கிறாள், அதற்கு மருத்துவம் பார்க்கிறாள். இரக்கம் இப்படித்தான் பழகுகிறது. அந்தப் பையன் யாரையும் குறை சொல்ல வரவில்லை. தான் பார்க்கும் அப்பாவை நடித்தான், அவ்வளவுதான். அந்த வீட்டுக்கு அன்று என் மறையுரை தேவைப்படவில்லை.

விளையாட்டுக்கு இறங்கிப் போன ஓர் அப்பாவைத் திருச்சபை புனிதராகவே உயர்த்தியிருக்கிறது. குழந்தை இயேசுவின் புனித தெரசாவின் தந்தை லூயி மார்ட்டின், பிரான்ஸ் நாட்டில் கடிகாரத் தொழில் செய்தவர். 1877இல் மனைவி செலி புற்றுநோயில் இறந்தபோது தெரசாவுக்கு நாலரை வயது. ஐந்து பெண்பிள்ளைகளோடு அவர் லிசியே நகருக்குக் குடிபோனார். அங்கே தோட்டத்தில் குட்டி தெரசா கீழே கிடக்கும் விதைகளையும் மரப்பட்டைத் துண்டுகளையும் தண்ணீரில் ஊறப்போட்டு ‘கஷாயம்’ தயாரிப்பாள். நிறம் நன்றாக இறங்கியதும் அழகான சின்னக் கோப்பையில் ஊற்றி அப்பாவிடம் ஓடுவாள். அவர் செய்துகொண்டிருந்த வேலையை வைத்துவிட்டுப் புன்னகையோடு வாங்கிக் குடிப்பதுபோல் நடிப்பார். கோப்பையைத் திருப்பிக் கொடுக்குமுன், மீதியைக் கொட்டிவிடலாமா என்று மகளிடமே கேட்பார். பெரும்பாலும் அவள் கொட்டவிட மாட்டாள். இன்னொரு முறை பரிமாற வேண்டுமே!

தெரசா இதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மனைவியை இழந்த துக்கம் அந்த மனிதருக்கு இருந்தது, வேலை இருந்தது. ஆனாலும் அந்தக் கோப்பையை வாங்கிக்கொண்டார். கொட்டலாமா என்று அனுமதி கேட்டாரே, அதைக் கவனியுங்கள். அந்த உலகத்துக்கு எசமானி அவள், தாம் விருந்தாளி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பாவின் முகத்தில் விண்ணகத் தந்தையைக் கண்டுகொண்ட அந்தச் சிறுமியைத்தான் 1997இல் திருச்சபை மறைவல்லுநராக அறிவித்தது. லூயியும் செலியும் 2015 அக்டோபர் 18 அன்று தம்பதியாகவே புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள்.

“சாமி, கற்பனை விளையாட்டெல்லாம் சோறு போடுமா?” என்று நீங்கள் கேட்கலாம். கற்பனை இல்லாதவனுக்கு மன்னிப்புக் கேட்கவும் வராது, செபிக்கவும் வராது என்பேன். தாவீது அரசர் பெரும் பாவம் செய்தார். இறைவாக்கினர் நாத்தான் வந்து சட்டம் பேசவில்லை. ஓர் ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையைச் சொன்னார். அரசர் கதைக்குள்ளே போய்விட்டார், கொதித்தார், அங்கேதான் தம்மையே கண்டுகொண்டார். 1223இல் புனித பிரான்சிஸ் கிரேச்சோ ஊரில் வைக்கோல் பரப்பி, மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, இதுதான் பெத்லகேம் என்று மக்களைப் பார்க்கவைத்தார். லொயோலா இஞ்ஞாசியார் ஒரு படி மேலே போய், அந்தத் தீவனத் தொட்டியருகே நீயும் ஓர் எளிய ஊழியனாக நின்று பணிவிடை செய்வதாக நினைத்துக்கொள் என்று தியானிக்கச் சொல்லிக்கொடுத்தார். “வச்சுக்குவோம்” என்று பிள்ளைகள் சொல்வதைத்தான் இந்தப் புனிதர்களும் செய்தார்கள். ஐந்து வயதில் அதை அடித்து உட்காரவைத்துவிட்டால், ஐம்பது வயதில் செபமாலை மறைபொருள் எதுவும் கண்முன் வராது. மணிகள் மட்டும் விரலில் நகரும்.

அரையாண்டுத் தேர்வு முடியப்போகிறது. விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதலில், கொஞ்சம் நேரத்தைச் சும்மா விடுங்கள். காலையில் இந்தி, பகலில் அபாகஸ், மாலையில் கீபோர்டு, இரவில் டியூஷன் என்று நிரப்பிவிட்டால் பிள்ளை எப்போது தானாக ஒன்றை உண்டாக்கும்? “போரடிக்குது” என்றதும் போனைக் கையில் கொடுக்காதீர்கள். சிணுங்கட்டும்; சிறிது நேரத்தில் நாற்காலி ரயிலாகிவிடும். விளையாட்டு பிள்ளையின் உரிமை என்று 1989இல் ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவே சொல்கிறது. திருப்பீடம் 1990இலும் இந்தியா 1992இலும் அதை ஏற்றிருக்கின்றன.

அடுத்து, விலை உயர்ந்த பொம்மை வாங்க முடியவில்லையே என்று வருந்தாதீர்கள். பொத்தானை அமுக்கினால் தானே ஆடிப் பாடும் பொம்மை, பிள்ளையை வேடிக்கை பார்க்கத்தான் வைக்கும். ஒரு பழைய துண்டைக் கொடுங்கள். அது தலைப்பாகை, அது ஆறு, அது கைக்குழந்தை, இரண்டு பேர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டால் அது அரசு பஸ். சிரட்டை, அட்டைப்பெட்டி, சொப்புச் சாமான், அம்மாவின் பழைய புடவை – ஒற்றை அறை வீட்டுக்கும் இது போதும்.

நீங்கள் உள்ளே போனால் அவர்கள் சொன்னபடி கேளுங்கள். “யானை நீலமா இருக்குமா?” என்று திருத்த வேண்டாம். கடை விளையாட்டைக் கணக்குப் பாடம் ஆக்க வேண்டாம். வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடவும் வேண்டாம். கேமரா வந்ததும் விளையாட்டு செத்துவிடும், நடிப்புதான் மிஞ்சும். ஆண்பிள்ளை சொப்பு வைத்துச் சமைத்தால் கேலி செய்யாதீர்கள். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் வாட்டிச் சீடர்களுக்குக் காலை உணவு கொடுத்தார். சில பிள்ளைகளுக்குப் பொம்மை பிடிக்காது. தெரசாவும் தனக்குப் பொம்மை விளையாடத் தெரியாது என்றே எழுதியிருக்கிறார். அவரவர் விளையாட்டு அவரவருக்கு.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் குறுக்கிடுங்கள். எப்போதும் ஒரே பிள்ளைதான் திருடனாகவும் வேலைக்காரியாகவும் ஆக்கப்படுகிறதா? நிறத்தை, ஊனத்தை, தெருவின் பேரைச் சொல்லி நையாண்டி நடக்கிறதா? அந்த வசனங்களை அவர்கள் நம் வாயிலிருந்து எடுத்திருப்பார்கள். அன்று இரவு பெரியவர்கள் முழந்தாளில் இருக்க வேண்டும்.

சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: “சாமி, பிள்ளைங்க துப்பட்டாவைப் போத்திக்கிட்டு பூசை விளையாட்டு விளையாடுதுங்க, தோசையை வட்டமா வெட்டி நன்மை குடுக்குதுங்க. பாவமா?” பாவம் இல்லை. அலெக்சாந்திரியக் கடற்கரையில் பிள்ளைகள் திருமுழுக்கு விளையாட்டு விளையாடியதையும், அதைக் கண்ட ஆயர் அலெக்சாந்தர் அவர்களை அழைத்து விசாரித்ததையும், அதில் ஆயராக நடித்த சிறுவனே பின்னாளில் புனித அத்தனாசியார் ஆனதையும் பழைய திருச்சபை வரலாற்றாசிரியர் ரூஃபீனுஸ் எழுதிவைத்திருக்கிறார். அது நடந்த வரலாறா, செவிவழிக் கதையா என்று அறிஞர்கள் விவாதிக்கட்டும். பிள்ளைகள் தாங்கள் நேசிப்பதை விளையாடிப் பார்க்கிறார்கள். நான் பிரசங்கத்தை இழுப்பதையும் அவர்கள் அப்படியே நடித்துக் காட்டுகிறார்களாம். அதனால் சீக்கிரம் முடிக்கிறேன்.

மறுவாழ்வு பெறும் எருசலேமுக்கு என்ன அடையாளம் என்று இறைவாக்கினர் செக்கரியா எட்டாம் அதிகாரத்தில் சொல்கிறார். வயதானவர்கள் கையில் கோலோடு தெருக்களில் உட்கார்ந்திருப்பார்கள். அதே தெருக்களில் சிறுவர் சிறுமியர் விளையாடுவார்கள். தாத்தா பாட்டிமார்களே, அந்த வாக்குறுதியில் உங்களுக்கும் இடம் இருக்கிறது. அம்மா அப்பா களைத்து வரும் வீட்டில் முதல் விருந்தாளியாக நீங்கள் போங்கள்.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் குடில் கட்டத் தொடங்குவீர்கள். அதைப் பிள்ளைகள் கையில் விடுங்கள். இடையர்களோடு ஆட்டோ ஒன்று வந்து நிற்கட்டும், ஞானிகளுக்குப் பின்னால் டைனோசர் வரட்டும். “அது ஏன் அங்கே?” என்று கேட்டுவிட்டுப் பதில் முடியும்வரை உட்கார்ந்து கேளுங்கள். பத்து நிமிடம் போதும், போன் வேறு அறையில் இருக்கட்டும். அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், உங்கள் வீட்டுக் குடிலுக்கு யார் யார் வந்தார்கள் என்று பிள்ளைகளிடம் நான் கேட்கப்போகிறேன். பெற்றோருக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

நாசரேத்தில் சிறுவனாக வளர்ந்த ஆண்டவர் நம் வீடுகளின் சத்தத்தையும் சிரிப்பையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.