பந்தயக் குதிரையும் கைப்பேசி ஆட்டமும்



நம் கடைக்கு வரும் வாலிபர்களும், ஏன், நம் வீட்டுப் பிள்ளைகளுமே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கைப்பேசியிலும் கம்ப்யூட்டரிலும் பலபேர் சேர்ந்து ஆடும் ஆட்டங்களில், ஆட்டத்தை நடத்தும் கம்பெனி கொடுக்காத துணைப் புரோகிராம் ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்துக்கொண்டால் அது மோசடியாகுமா? "வெறும் விளையாட்டுத்தானே வாப்பா, இதிலே என்ன ஹராம்?" என்பது அவர்கள் வாதம். அப்படித் தள்ளிவிடுவதற்கில்லை. பந்தயத்தைப் பற்றி நம் மார்க்கம் வாய்மூடி இருக்கவில்லை.

மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். அதில் குதிரை விட்டவர்களில் ஒருவரான இப்னு உமர் (ரலி) அவர்களே அதை அறிவிக்கிறார்கள், புகாரியில் இருக்கிறது. தீனியை முறைப்படுத்தி உடலை இறுக்கிப் பழக்கிய குதிரைகளை ஹஃப்யா என்ற இடத்திலிருந்து தனிய்யத்துல் வதா வரை ஓடவிட்டார்கள். அது ஐந்தாறு மைல் தூரம். பழக்காத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் அளவே வைத்தார்கள். கவனியுங்கள்: குதிரையைப் பழக்கியது குற்றமாக எண்ணப்படவில்லை. ஆனால் பழக்கியதையும் பழக்காததையும் ஒரே கோட்டில் நிறுத்தவுமில்லை.

இன்னொரு ஹதீதும் அபூதாவூது முதலிய நூல்களில் வருகிறது. பந்தயத்தில் ஜலபும் ஜனபும் கூடாதென்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். (ஜகாத் பாடத்தில் இவ்விரு சொற்களுக்கும் வேறு பொருள் உண்டு, இங்கே நமக்கு வேண்டியது பந்தயப் பொருள்.) ஜலப் என்பது யாதெனில், ஓடும் குதிரையின் பின்னே ஓர் ஆளை வைத்து அவன் கூச்சலிட்டு அதை விரட்டுவது. ஜனப் என்பது, பக்கத்திலேயே இன்னொரு குதிரையை வெறுமனே ஓட்டி வந்து, ஏறியிருக்கும் குதிரை களைத்ததும் அதன்மேல் தாவிக்கொள்வது. இரண்டிலும் குதிரை ஓடத்தான் செய்கிறது; ஏறியிருப்பவனும் பாடுபடத்தான் செய்கிறான். ஆயினும் பந்தயத்தில் பேசப்படாத ஒரு துணை உள்ளே வந்துவிட்டது. அதனாலேதான் தடை.

இப்போது கைப்பேசிக்கு வருவோம். மொபைல் லெஜண்ட்ஸ் என்னும் ஆட்டம் 2016-இல் வெளிவந்து நம் பிரதேசமெங்கும் பரவிற்று. 2019-இல் பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் பதக்கத்துக்குரிய ஆட்டமாகவே வைக்கப்பட்டது. இந்தப் பக்கம் ஐவர், அந்தப் பக்கம் ஐவர். எதிரி எங்கே மறைந்திருக்கிறான் என்று தெரியாமலிருப்பதே அந்த ஆட்டத்தின் பாதிச் சுவை. 'மேப் ஹேக்' என்ற புரோகிராமைச் சேர்த்தால் மறைந்திருப்பவன் நம் படத்திலே தெரிந்துவிடுகிறான். அவன் புதரில் பதுங்கியிருப்பதாக எண்ணிக்கொண்டிருக்க, நாம் அவன் தலைமேல் நின்று பார்க்கிறோம். துப்பாக்கி ஆட்டங்களில் குறியைத் தானாகவே எதிரியின்மேல் திருப்பிவிடும் புரோகிராம் உண்டு. முன்னது பின்னாலிருந்து கூச்சலிடும் ஆள். பின்னது பக்கத்தில் ஓடிவரும் இரண்டாவது குதிரை. இவற்றை மோசடி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

தனியே உட்கார்ந்து குறிபார்த்துப் பழகும் புரோகிராம் அப்படியன்று. அது குதிரையைப் பழக்குவது போல. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தில் சில துணைப் புரோகிராம்களுக்குக் கம்பெனியே இடம் வைத்திருக்கிறது. எல்லாரும் அறிந்து, எல்லாரும் எடுத்துக்கொள்ளக் கூடியது. அதுவும் மோசடியாகாது. கை ஊனமுற்ற ஒருவர் தமக்கென்று அமைத்த விசைப்பலகையால் ஆடுவதை, பந்தயம் நடத்துவோர் அனுமதித்த பின் குறைகூற நமக்கென்ன வேலை?

"கடையிலே பகிரங்கமாக விற்கிற சாமான்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. இது வியாபாரிகளாகிய நமக்கு வரும் சந்தேகம். 2018-இல் டோட்டா 2 உலகப் போட்டிக்கான தென் அமெரிக்கத் தகுதிச் சுற்றில் பெரு நாட்டின் தண்டர் பிரெடேட்டர் குழு விலக்கப்பட்டது. ஒரே அழுத்தலில் பல ஏவல்கள் நடக்கும்படி அவர்களில் ஒருவர் தம் மவுஸை அமைத்திருந்தார். மவுஸ் விலைக்குக் கிடைப்பதுதான். அதனால் பந்தயத்தில் அது ஆகுமானதாகிவிடவில்லை. 2024 ஆகஸ்டில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 நடத்தும் வால்வ் கம்பெனியும், விரலின் வேலையைத் தானே செய்துவிடும் சில விசைப்பலகை வசதிகளைத் தன் ஆட்டத்தில் தடுத்துவிட்டது. தராசும் காந்தமும் கடையில் விற்கிற சாமான்களே. காந்தத்தைத் தட்டின் அடியில் ஒட்டி நிறுத்தால்?

கணக்குப் பொறியை நாம் மேசைமேல் வைத்துத் தட்டுகிறோம், வாடிக்கைக்காரர் பார்க்கிறார். தராசின் எண்ணை அவர் பக்கம் திருப்பி வைக்கிறோம். அவருக்குத் தெரிந்தால் சண்டைக்கு வருவார் என்று எண்ணி எதை மறைக்கிறோமோ, அங்கேதான் ஈரத் தானியம் அடியில் கிடக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே நனைந்திருக்கக் கண்டு, ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்று கண்டித்த விஷயம் நம் சிறுவர்களுக்கும் தெரியும். ஆட்டம் தொடங்குமுன் நிபந்தனைகளை ஒப்புக்கொள்வதாக ஒரு பொத்தானை அழுத்துகிறார்களே, அதுவும் ஓர் ஒப்பந்தம்தான். படிக்காமல் அழுத்தினேன் என்பது, படிக்காமல் கையெழுத்துப் போட்ட சீட்டுக்குச் சொல்லும் சாக்கு.

"எல்லாரும் வைத்திருக்கிறார்கள், நான் மட்டும் தோற்பதா?" என்று ஒரு வாலிபர் கேட்டார். எல்லாரும் வைத்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? தோற்றவன் வாயில் எப்போதும் வரும் பேச்சு அது. நிஜமாகவே ஒருவன் வைத்திருந்தால் கம்பெனிக்கு எழுதிப்போட வழியிருக்கிறது.

நம்மில் கைப்பேசிக் கடை வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. பத்து வெள்ளி வாங்கிக்கொண்டு அந்தப் புரோகிராமைப் போட்டுக்கொடுக்கச் சொல்லிப் பிள்ளைகள் வருவார்கள். பாவத்திற்கு ஒருவருக்கொருவர் துணைபோகக் கூடாதென்று திருமறை தடுத்திருக்கிறது. போட்டுக்கொடுப்பவர் ஆடவில்லைதான், காந்தத்தை ஒட்டிக்கொடுப்பவர் நிறுக்கவுமில்லை. அதுவன்றி, ஊர்பேர் தெரியாத அந்தப் புரோகிராம் கைப்பேசிக்குள் புகுந்து வங்கி ரகசிய எண்ணைத் திருடிப் போனால், பிள்ளையின் தகப்பனார் உங்கள் கடை வாசலுக்குத்தான் வருவார்.

இவ்விதம் ஆடிப் பரிசுப் பணம் பெற்றுவிட்டவர் உண்டானால், அது அவருடைய பணமன்று. இரண்டாவதாக வந்தவருக்குச் சேர வேண்டியது. பந்தயம் நடத்தியவரிடம் உண்மையைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கவேண்டும். பந்தயம் நடத்தியவர்களே இன்று இல்லையெனில், அப்பணத்தைச் செலவழித்துவிடாமல் தனியே எடுத்துவைத்துக்கொண்டு, பள்ளிவாசல் இமாமிடம் சென்று கேட்டுக்கொள்ளட்டும். அதற்குமேல் மஸ்அலா சொல்வது ஆலிம்களின் பொறுப்பு, கடைக்காரன் பொறுப்பன்று.