இறங்கப் போகிறவரின் கதவு

லாரிக் கதவின் கிளிப்புக்கும் பிளாஸ்டிக் ஷீட்டுக்கும் அந்த ஓட்டுநர்தான் தன் சட்டைப்பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தார். வண்டி அவருடையது இல்லை. அந்த நடையோடு அவர் அந்த வண்டியை விட்டே இறங்கப் போகிறவர். இரண்டையும் சேர்த்து நினைத்தால் எனக்குக் கணக்கு ஒத்துவருவதில்லை. பல நாள் ஆகியும் அது விடமாட்டேன் என்கிறது.

நடந்தது கீழ்க்கட்டளையில், இருநூறடிச் சாலையோரத்துப் பட்டறை ஒன்றில். மழைக்கு ஒதுங்கியிருந்தேன். எம்-சாண்ட் அடிக்கும் டாரஸ் லாரி ஒன்று நின்றிருந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிட்டது, ஏறவில்லை. முதலாளி போனில், கண்ணாடி ஏறினால் போதும், மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

லாரிக் கதவின் உள்பலகையைக் கழற்றுவதை அன்றுதான் பார்த்தேன். வெளியே ஒரு திருகாணிகூடக் கண்ணில் படாது. மெக்கானிக் சின்னப் பையன். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பழைய பனியன் துணியை நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து மாற்றி மாற்றி இழுத்தான். உள்ளே ஒளிந்திருந்த கம்பி கிளிப் துணியில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தது. கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பிறகு கைவைக்கும் கட்டைக்கு அடியில் இருந்த திருகாணிகள். கதவைத் திறக்கும் பிடியின் குழிக்குள், ஒரு சின்ன மூடிக்குப் பின்னால், இன்னொன்று. அதற்கப்புறம் ஓரங்கள். கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெம்ப வேண்டும், நடுவில் நெம்பினால் பலகை பிளந்துவிடும் என்றான். ஓரமெல்லாம் விட்டதும் பலகையை முன்னால் இழுக்காமல் மேலே தூக்கினான். மேல் விளிம்பு கண்ணாடிப் பள்ளத்தில் கொக்கி போல மாட்டியிருக்கிறது.

உள்ளே ஈரமான எம்-சாண்ட் தூசி, அடை மாதிரி கெட்டிப்பட்டுக் கிடந்தது. முன்பு எப்போதோ கதவைத் திறந்த யாரோ, பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அப்படியே மூடியிருந்தார்கள்.

அந்த ஷீட்டின் வேலையைப் பையன்தான் விளக்கினான். கண்ணாடியில் வழியும் மழைத்தண்ணீரை எந்த ரப்பரும் முழுசாகத் தடுக்காது. வண்டி செய்கிறவர்களும் அதை ஒப்புக்கொண்டுதான் கதவைச் செய்கிறார்கள். தண்ணீர் கதவுக்குள் இறங்கும், அடியிலிருக்கும் ஓட்டைகள் வழியாகத் தெருவுக்குப் போய்விடும். வழியில் அது கேபினுக்குள் திரும்பாமல் பார்த்துக்கொள்வது ஷீட். அதன் அடி விளிம்பைக் கதவுத் தகட்டின் உள்பக்கம் செருக வேண்டும். வெளியே விட்டால் சொட்டுவதெல்லாம் பலகைக்கும் ஓட்டுநரின் காலுக்கும்தான்.

கண்ணாடியைச் சேனலில் உட்கார வைத்து, தூசியைச் சுரண்டி, ஓட்டைகளைக் கம்பியால் குத்தி விட்டாயிற்று. பலகையை மாட்டப் போகும்போது ஓட்டுநர் தடுத்தார். எதிரே இருந்த ஹார்டுவேர் கடைக்கு மழையில் நடந்து போய் ஷீட் வாங்கி வந்தார். உடைந்த கிளிப்புகளுக்குப் புது கிளிப்புகளும் எடுக்கச் சொன்னார்.

"அண்ணே, நீங்கதான் இந்த நடையோட எறங்கிடறேன்னீங்களே?" என்றான் பையன்.

"இருக்கட்டும் தம்பி, போடு."

அவ்வளவுதான். பசையை ஓடவிட்ட பிறகு பையனை நகரச் சொல்லிவிட்டு, ஷீட்டின் விளிம்பு முழுக்கத் தன் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். அடி விளிம்புக்கு வந்ததும் குனிந்து, உள்ளே செருகியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். அதன் மேல் பலகை ஏறிவிட்டது.

அந்தக் கட்டை விரல்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. காசு கொடுத்ததைக்கூட ஒரு பழக்கம் என்று சொல்லிவிடலாம். குனிந்து விரலை விட்டுப் பார்த்ததை அப்படிச் சொல்ல முடியவில்லை.

குரோம்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில், கொல்லைக் கதவின் அடிப்பக்கம் மழையில் ஊறி உளுத்துப் போயிருந்தது. வீட்டைக் காலி செய்யப் போகிற வாரத்தில், பெட்டி படுக்கையெல்லாம் கட்டிக்கொண்டிருக்கும்போது, அப்பா எங்கிருந்தோ ஒரு தகரப் பட்டை கொண்டுவந்து, கதவைக் கழற்றி, உளுத்த இடத்தில் தார் பூசி, தகரத்தை வைத்து அடித்தார். "ஏங்க, போற வீட்டுக்கா இதையெல்லாம் செய்யறீங்க?" என்று அம்மா கேட்டாள். அவளுக்குக் கோபம் வர நியாயம் இருந்தது. சென்னையில் வீடு காலி செய்தால் வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது வழக்கம். எங்களுக்கும் பிடித்தார்கள். கதவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரிடம் கேட்டிருக்க வேண்டிய வயதில் எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

லாரி ஓட்டுநர் என்றதும் எனக்கு ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நினைவுக்கு வந்தது. அதில் வரும் துரைக்கண்ணுவும் லாரி ஓட்டுகிறவர். ஊரை விட்டுப் போன அண்ணனின் வீடு. அண்ணனின் வளர்ப்புப் பிள்ளை ஹென்றி எங்கிருந்தோ வந்து நிற்கிறான். கதையின் மற்றப் பகுதிகள் எனக்கு மங்கிவிட்டன. இருவரும் சொத்தை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கும் இடம் மட்டும் அழியவில்லை. படித்தபோது இப்படியும் மனிதர்கள் உண்டா என்று இருந்தது. ஆனால் அங்கே உறவும் பாசமும் ஊர்ப் பெரியவர்களும் இருந்தார்கள். பட்டறையில் இருந்தது நானும் அந்தப் பையனும்தான். என்னை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

தனக்கு உரிமையில்லாத ஒன்றைப் பேணுவது நம் ஊரில் புதிதல்ல என்று ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எங்கள் கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்குப் போகும், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. லாரிக் கதவு மாதிரிதான். தண்ணீர் வரும் என்று ஒப்புக்கொண்டு, போக வழி வைத்த ஏற்பாடு. வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பக்கத்துக்காரர்கள் பார்த்துவிட்டோம். அந்த வழிகளை ஒரு காலத்தில் ஊரார் கூடித்தான் தூர் வாரினார்கள். குடிமராமத்து என்று பெயர். ஆனால் இங்கேயும் என் சமாதானம் நிற்கவில்லை. ஏரித் தண்ணீர் அவரவர் வயலுக்குத்தான் பாய்ந்தது. அப்படியிருந்தும் 1858-ல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு ஆட்களை வேலைக்கு இழுக்க வேண்டியிருந்தது. 2017-ல் அரசே பணம் ஒதுக்கி அதே பெயரில் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. தன் வயலுக்கு வரும் தண்ணீருக்கே இவ்வளவு தேவைப்படுகிறது என்றால், நாளைக்குத் தான் உட்காரப் போவதில்லை என்று தெரிந்த இருக்கைக்காக ஒருவர் குனிந்து விரலை விட்டுப் பார்ப்பதை எதில் சேர்ப்பது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களைப் புகழ்வது முதலாளிகளுக்கு வசதி. 'நல்ல டிரைவர்' என்ற ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு அவர் படிக்காசில் வண்டியைப் பழுது பார்த்துக்கொள்ளலாம். நாமக்கல், திருச்செங்கோட்டுப் பட்டறைகளில் சேசிஸின் மேல் மரச்சட்டம் அடித்துக் கேபின் கட்டிய காலத்திலிருந்து, எஞ்சின் சூட்டையும் மழையையும் சகித்துக்கொள்வதை ஓட்டுநரின் வேலையில் ஒரு பகுதியாகவே வைத்திருந்தோம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. எத்தனையோ வருடம் முன்பே வந்திருக்க வேண்டியது. பழைய வண்டிகளில் இருப்பவர்களுக்கு அதனால் எதுவும் இல்லை. அவர்களுடைய கதவு முதலாளியின் தயவில் இருக்கிறது, தயவு இல்லாதபோது ஓட்டுநரின் சட்டைப்பையில்.

ஆகவே என் தீர்ப்பு ஒன்றில் தெளிவாக இருக்கிறது. அந்தச் செலவு முதலாளியுடையது. 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்றது தப்பு. ஓட்டுநர் நல்லவராக இருப்பது அந்தத் தப்பை நேராக்காது.

ஆனால் முதலாளி பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால் என் கேள்வி தீர்ந்திருக்குமா? தீர்ந்திருக்காது. விரலுக்குக் கூலி கிடையாது. அடுத்து வரப்போகும் முகம் தெரியாத ஆளுக்காகச் செய்தாரா, வண்டிக்காகவா, அரைகுறையாக மூடிய கதவைத் தன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதாலா? அப்பா தகரம் அடித்ததும் இதே காரணத்துக்குத்தானா, அல்லது முற்றிலும் வேறா? ஒவ்வொன்றையும் சரி என்று நினைத்து, மறுநாளே மாற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

லாரி ஓட்டும் ஆள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருப்பார். ஒரு வண்டியை விட்டு நிரந்தரமாக இறங்கிய நாளில், இறங்குவதற்கு முன் அதில் என்ன செய்தார் என்று அவரிடம் கேளுங்கள். ஏன் செய்தார் என்பதையும் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.