பேச்சை முடித்து வைப்பவர்

அல்ஹம்துலில்லாஹ்! வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ்.



நாலு பேர் கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் வந்து ஒரு வார்த்தை சொல்வார். அதில் தவறு இருக்காது, ஆதாரம்கூட இருக்கும். ஆனால் அத்தோடு பேச்சு நின்றுவிடும். ஒருவர் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போவார். இன்னொருவர் "சரிதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். வந்தவரோ, எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைப்பார். வீட்டில் வாப்பாவாகவும், மஹல்லா கூட்டத்தில் பெரியவராகவும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

மௌனம் சம்மதம் என்பார்கள். ஆனால் வாய் திறக்காதவர் மீது எந்தச் சொல்லையும் சாட்டக் கூடாது என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களைத் தொட்டு வரும் பிரபலமான சட்ட விதி. நிகாஹில் கன்னிப் பெண்ணின் மௌனம் ஏற்கப்படுவது, அவளுடைய வெட்கத்தை முன்னிட்டு ஹதீஸில் வந்த விதிவிலக்கு. ஆகவே நம் பேச்சுக்குப் பின் விழும் மௌனத்தை வெற்றி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மக்காவில் உத்பா பின் ரபீஆ நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். செல்வம் வேண்டுமா, தலைமை வேண்டுமா, ஆட்சி வேண்டுமா என்று அடுக்கினார். நபித்துவத்தையே விலை பேசும் பேச்சு! முதல் வாக்கியத்திலேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நபி (ஸல்) அவர்கள் முழுவதும் கேட்டார்கள். அபுல் வலீத் என்று மரியாதையாக அழைத்து, சொல்லி முடித்துவிட்டீரா என்று வினவினார்கள். அதன் பிறகே ஹாமீம் ஸஜ்தா அத்தியாயத்தை ஓதினார்கள். உத்பா ஈமான் கொள்ளவில்லை. ஆனால் போன முகத்தோடு அவர் திரும்பவில்லை என்று குறைஷிகளே பேசிக்கொண்டார்கள்.

கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) அவர்களைப் பாருங்கள். கணவர் ளிஹார் சொல்லிவிட்டார். நபி (ஸல்) அவர்களிடம் பதில் கிடைத்த பிறகும் அந்தப் பெண்மணி திரும்பத் திரும்ப வாதாடினார்கள். அந்தச் சபையில் அதற்கு இடம் இருந்தது. அந்த உரையாடலை அல்லாஹ் செவியுற்றான். முஜாதலா என்ற 58-வது அத்தியாயம் இறங்கியது, தீர்வும் பிறந்தது.

அப்படியானால் எந்தப் பேச்சையும் நிறுத்தக் கூடாதா? புறம் பேசுவதையும் அவதூறையும் நிறுத்தியே ஆக வேண்டும், அது நன்மை. நாம் சொல்வது கேள்வியோடு வருபவரைப் பற்றி. சந்தேகத்தோடு வரும் பிள்ளையை "ஹராம், போ" என்று ஒரே சொல்லில் அனுப்பினால், சட்டம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அவன் சந்தேகம் தீராது. அடுத்த முறை நம்மிடம் வரவும் மாட்டான்; வேறு யாரிடமோ போவான்.

1906-ல் கட்டி முடிக்கப்பட்ட நம் பேச்சிப்பாறை அணை கோதையாற்றை மறித்து நிற்கிறது. மறித்த தண்ணீர் கால்வாயில் இறங்கி நாஞ்சில் நாட்டு வயலுக்குப் போவதால்தான் அதனால் பயன். இல்மும் அப்படித்தான்.

இந்த வாரம் வீட்டில் பேசி முடித்ததும், "நீ என்ன நினைக்கிற?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள்.

உண்மையைச் சொல்லும் நாவையும், பிறர் பேசி முடிக்கும்வரை பொறுக்கும் உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.